தைல மரம் முரண்டு பிடித்தால்: சிங்கப்பூர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு பிழை நீக்கும் வழிமுறை

யூகலிப்டஸ் வளர்ப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும்: காரிடார் ஓரத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, ஈரமான மண், மேலே மொறுமொறுவென்று காய்ந்த இலைகள். கூடவே வரும் கேள்வியும் ஒன்றுதான், "என்ன உரம் போடலாம் அண்ணே?" உரம் கடைசி. நம்மூரில் தைல மரம் சாகிறதென்றால் பெரும்பாலும் இந்தச் சூட்டுக்கு ஒத்துவராத இனத்தை வாங்கியிருப்பீர்கள், இல்லாவிட்டால் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கும். பூச்சியும் பூஞ்சையும் அதற்குப் பின்னால் வருபவை. அதனால் உங்கள் செடி காட்டும் அறிகுறிக்குத் தாவுவதற்கு முன்னால் முதல் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். ஒரே அறிகுறிக்கு ஓர் இனத்தில் ஒரு பதில், இன்னோர் இனத்தில் வேறு பதில்.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

யூகலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. பனி கொட்டும் தாஸ்மேனிய மலைகளில் வளர்பவையும் அதில் அடக்கம், பூமத்திய ரேகைப் பக்கத்து மழைக்காட்டில் வளர்பவையும் அடக்கம். ஆகவே தொட்டியில் செருகிய அட்டையில் வெறுமனே 'யூகலிப்டஸ்' என்று இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இலையையும் தண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை வாசம் தூக்கலாக வந்தால் அது சிட்ரியோடோரா, எலுமிச்சைத் தைல மரம். இளஞ்செடியாக இருந்தால் இன்னொரு நிச்சயமான அடையாளம் உண்டு: இலையும் தண்டும் சொரசொரவென்று முடியோடு இருக்கும், இலைக்காம்பு இலையின் அடிவிளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளி, தாமரை இலையில் சேர்வதுபோல, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். வளர்ந்த பிறகு வரும் இலைகள் வழவழப்பாக, நீளமாக மாறிவிடும், அப்போது வாசம் மட்டும்தான் சாட்சி. இதை 1995இல் யூகலிப்டஸிலிருந்து பிரித்துக் கொரிம்பியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. சிங்கப்பூருக்கு இது ஒத்துவரும்.

வாசம் பெயருக்குத்தான் இருக்கிறது, இளந்தண்டை விரலில் உருட்டினால் உருளாமல் நான்கு பட்டையாகத் தட்டுப்படுகிறது, இலை அகலமாக மெல்லியதாக இருக்கிறது என்றால் அது டெக்லுப்டா, வானவில் யூகலிப்டஸ். மிண்டனாவ், சுலவேசி, நியூ கினி பக்கத்து மழைக்காட்டு மரம், இயற்கையாகவே பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே வளரும் ஒரே யூகலிப்டஸ் இதுதான். நம் மழையும் சூடும் அதற்குச் சொந்த ஊர் மாதிரிதான், இடம் மட்டும்தான் போதாது.

இலை வட்டமாக, வெள்ளி பூசியதாக, எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருந்தால் அது சினேரியா, கன்னி, புல்வெருலென்ட்டா இவற்றில் ஒன்று. பூச்செண்டில் வருகிறதே, அதுதான். குளிர்ப் பகுதிச் செடிகள். இவற்றுக்குத் தனியாகக் கீழே ஒரு பகுதி வைத்திருக்கிறேன், நல்ல செய்தி இல்லை.

ஊட்டியிலிருந்து சொந்தக்காரர் கொடுத்த விதையா? அது பெரும்பாலும் குளோபுலஸ். 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ்களில் அங்கே ஊன்றிக்கொண்ட இனம், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் குளிரில் சொகுசாக நிற்பது. நம் வீட்டு மாடியில் முளைக்கும், ஓரடி வளரும், பிறகு திணறும். அதோடு விதையோ செடியோ எதுவானாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதியைப் பார்த்துவிடுங்கள், பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவரும் சமாசாரம் இல்லை.

அப்புறம், அது யூகலிப்டஸே இல்லாமலும் இருக்கலாம். பிளாக்குக்குக் கீழே நிற்கும் மரத்தைப் படமெடுத்து "இதன் இலையைப் பறித்துக் கொதிக்க வைக்கலாமா" என்று கேட்பவர்கள் காட்டுவது பலமுறை அக்கேசியாவாக இருக்கும். அரிவாள் வடிவ இலை என்பதால் வரும் குழப்பம். அக்கேசியா கசக்கினால் மணக்காது, மஞ்சளாகப் பூஞ்சரம் விடும், காய் சுருண்டு முறுக்கிக்கொண்டு இருக்கும். வெள்ளைப் பட்டை காகிதம் காகிதமாக உரிந்து, அழுத்தினால் பஞ்சுபோல் உள்வாங்கினால் அது கெலாம் மரம். கம்போங் கிளாமுக்குப் பெயர் கொடுத்த மரம் அதுதான், காயுபுத்தே எண்ணெய் அதன் இலையிலிருந்து வருகிறது. யூகலிப்டஸுக்கு உறவுதான், ஆனால் வேறு ஆள். சதுப்பு நிலத்தில் நிற்கப் பழகியது, கீழே தண்ணீரைப் பற்றி நான் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

இலையெல்லாம் காய்ந்து மொறுமொறுப்பாகிவிட்டது, மண்ணோ ஈரமாக இருக்கிறது

வேர் அழுகல். இதுதான் இங்கே முதல் எதிரி, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

துளசியோ மல்லிகையோ தண்ணீர் குறைந்தால் துவண்டு காட்டும், ஊற்றினால் நிமிரும். யூகலிப்டஸின் முதிர்ந்த இலை தோல்மாதிரி தடித்தது, துவளவே துவளாது. நேற்று நன்றாக இருந்தது, இன்று தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது என்று சொல்கிறார்களே, அது ஒரு நாளில் நடந்ததில்லை, இலை அதைக் காட்டவில்லை அவ்வளவுதான். முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் நுனிக்கொழுந்தைப் பாருங்கள். புதிதாக வந்த இரண்டு மூன்று இலைகள் மட்டும் காலையிலேயே தலைகுனிந்து இருந்தால் கீழே ஏதோ கோளாறு. மதியத்தில் குனிந்து மாலையில் நிமிர்ந்தால் வெறும் வெயில்தான், விட்டுவிடலாம்.

தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சாத்தே குச்சி போதும். தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் குச்சியின் கீழ்ப்பாதி கறுத்து, ஈரமாக, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேவையில்லை. அந்த ஈர நுனியை முகர்ந்து பாருங்கள், சாக்கடை வாடை வந்தால் காற்றில்லாமல் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். குச்சி முழுக்கக் காய்ந்து வந்து, தொட்டியும் தூக்கினால் இலேசாக இருந்தால் உண்மையாகவே தாகம், அது வேறு கதை, தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் இறக்கி வையுங்கள்.

அழுகல்தான் என்று தோன்றினால் செடியைத் தொட்டியிலிருந்து சரித்து எடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில், விறைப்பாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல்மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் போராட வேண்டாம், குப்பையில் போட்டுவிடுங்கள், மண்ணையும் சேர்த்துத்தான். ஃபைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சை இந்த அழுகலுக்கு ஒரு பெரிய காரணம், ஆஸ்திரேலியக் காடுகளிலேயே ஜாரா மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. அது இருந்த மண்ணை அடுத்த செடிக்குப் போட்டால் கதை திரும்ப நடக்கும்.

பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, பழையதைவிடப் பெரிய தொட்டிக்குப் போகாமல், சொல்லப்போனால் சற்றுச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். "பெரிய தொட்டியில் வைத்தால் வேர் நன்றாக ஓடும்" என்பது நம் ஆட்கள் எல்லாரும் சொல்வது, ஆனால் வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி என்றால் யாரும் குடிக்காத தண்ணீர் சுற்றிலும் தேங்கி நிற்கும். மண் கலவையில் பாதிக்குமேல் சுட்ட மண், பியூமிஸ், பெர்லைட் மாதிரிக் கரடான பொருள் இருக்கட்டும், தென்னை நார்த்தூளைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது மேலே காய்ந்த மாதிரி நடித்து உள்ளே பல நாள் ஈரம் வைத்திருக்கும். இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் உள்ள ஆனால் நேர்வெயில் படாத இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். புதுத் தளிர் எட்டிப் பார்க்கும்வரை உரம் கூடாது, ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும்போது, திறந்தவெளியில் இருக்கும் தொட்டியைக் கூரைக்கடியில் தள்ளுங்கள், முடியாவிட்டால் அடியில் மூன்று செங்கல் துண்டு வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். தரையோடு ஒட்டியிருக்கும் தொட்டியின் துளை அடைபட்டுப்போவதைப் பலர் கவனிப்பதேயில்லை. தரை வீட்டுத் தோட்டத்தில் களிமண்ணாக இருந்தால் குழி தோண்டி நடாதீர்கள், அந்தக் குழியே கிணறாகிவிடும். ஓரடி ஒன்றரை அடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

வெள்ளி இலைச் செடி நாளுக்கு நாள் இளைக்கிறது

சினேரியா, கன்னி வகைகளில் இது வருகிறது. வாங்கி வந்த சில வாரம் அழகாக இருக்கும், பிறகு அடியிலிருந்து இலை கறுத்து உதிர்ந்துகொண்டே மேலே போகும், புதுத் தளிர் சின்னதாக, பச்சையாக, வெள்ளிப்பூச்சு இல்லாமல் வரும். நீங்கள் என்ன செய்தாலும் இதுதான் நடக்கும். அவற்றுக்கு இரவில் குளிர வேண்டும், நமக்கு நள்ளிரவிலும் 25 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது, காற்றில் ஈரப்பதம் வேறு 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டிய அறைக்குள் வைத்தால் குளிர் கிடைக்கும், வெயில் கிடைக்காது, அங்கே இன்னும் வேகமாகப் போய்விடும். கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் குவிமாடத்தில் குளிரையும் வெளிச்சத்தையும் சேர்த்தே தருகிறார்கள் என்றால் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஆகும் செலவு வேறு, நம் வீட்டு மின்கட்டணம் வேறு.

என் யோசனை: இதைச் செடியாக நினைக்காதீர்கள், கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும் பூச்செண்டாக நினையுங்கள். இளைக்கத் தொடங்கியதுமே, இலை நன்றாக இருக்கும்போதே, கிளையை வெட்டித் தலைகீழாகக் காற்றோட்டமான இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் நிறம் பெரிதாகக் குறையாமல் காய்ந்துவிடும். அல்லது கிளிசரினையும் வெந்நீரையும் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் கலந்து, கிளையின் அடியை நசுக்கி அதில் நிறுத்தி வைத்தால் இலை வளையும் பதத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும். தீபாவளிக்கு வீட்டு வாசலில் வைக்க அதுவே போதும்.

இலையின் அடியில் சொறிமாதிரி பழுப்புப் புடைப்புகள்

பார்த்ததும் பூச்சி என்று மருந்தடிக்க ஓடாதீர்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உதிர்ந்து வந்தால் செதில்பூச்சி. வராமல் இலையோடு இலையாகத் தக்கை போலக் கெட்டியாக இருந்தால் அது நோயே இல்லை. வேர் மளமளவென்று தண்ணீரை உறிஞ்சுகிறது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இலையால் அதை ஆவியாக வெளியே விட முடியவில்லை, உள்ளே செல்கள் உப்பி வெடித்து ஆறிய தழும்புதான் அது. மழை நாட்களில், காற்று புகாத மூலையில், மாலையில் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அதிகம் பார்க்கலாம். தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள், செடிகளுக்கிடையே இடம் விடுங்கள். வந்த தழும்பு போகாது, புது இலை சுத்தமாக வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

புடைப்பு இலையின் நடுநரம்பிலும் காம்பிலும் மட்டும் உருண்டை உருண்டையாக, பச்சையும் இளஞ்சிவப்புமாக வந்து இலையே முறுக்கிக்கொண்டால் அது வேறு: முடிச்சுக் குளவி. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி, முட்டையை நரம்புக்குள் இட்டுவிடும். இதற்கு லெப்டோசைபி இன்வாசா என்று 2004இல் பெயர் வைத்தார்கள், தமிழ்நாட்டுத் தைல மரத் தோப்புகளையும் அது விட்டுவைக்கவில்லை. உள்ளே இருப்பதை மருந்து எட்டாது. முடிச்சு உள்ள கிளைநுனிகளை, துளை விழுவதற்கு முன், வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். துளை விழுந்துவிட்டால் குளவி வெளியே போய்விட்டது, வெட்டி என்ன பயன்.

கறுப்பு, ஊதாப் புள்ளிகள். கீழ் இலைகள் கொத்தாக உதிர்கின்றன

மழைக்காலப் பூஞ்சை. நம்மைப் போன்ற ஈரமான வெப்பநாடுகளில் யூகலிப்டஸ் தோட்டக்காரர்களுக்கே இது தலைவலி. மழைநீர் மண்ணிலிருந்து தெறித்துக் கீழ் இலையில் தொடங்கும், சாம்பல் நிறத்தில் நனைந்த மாதிரி திட்டு விழுந்து இரண்டொரு நாளில் பழுப்பாகும். விழுந்த இலைகளை அன்றன்றே பொறுக்குங்கள், தரையிலிருந்து முதல் ஓரடிக்குக் கிளைகளைக் கழித்துவிடுங்கள், மண்மேல் மரச்சீவல் பரப்புங்கள் (தண்டைத் தொடாமல்). செம்புச்சத்து மருந்து வேலை செய்யும், ஆனால் தினமும் மதியம் மழை பெய்யும் வாரத்தில் அடிப்பது காசைக் கழுவி விடுவதுதான்.

வெள்ளைப் பொடி தூவிய மாதிரி இருந்தால் சாம்பல்நோய், மழை படாத காரிடார் செடிகளில் வரும், இலையைத் தண்ணீரால் கழுவிக் காற்றோட்டம் கொடுத்தாலே பாதி போய்விடும். வெள்ளி இனங்களில் இலைமேல் இயல்பாகவே ஒரு மெழுகுப்பொடி உண்டு, அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். ஆனால் தளிரில் பளிச்சென்ற முட்டைமஞ்சள் பொடி தெரிந்தால் உஷாராகுங்கள், அது துரு நோய். கொய்யா, ஜம்பு எல்லாம் யூகலிப்டஸின் குடும்பம்தான், அவற்றுக்கும் பரவும். அந்த நுனியை அசைக்காமல் பையைப் போட்டு மூடிய பிறகு வெட்டுங்கள், இல்லாவிட்டால் பொடி பறந்து பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்குப் போய்ச் சேரும்.

ஒல்லியாக நெட்டையாகப் போகிறது, ஒரு பக்கம் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. யூகலிப்டஸுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) காரிடார்களில் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. தினம் திருப்பி வைப்பது சாய்வைச் சரிசெய்யும், பசியைத் தீர்க்காது. குச்சி நட்டு இறுக்கிக் கட்டுவதும் கூடாது. காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு பருக்கும், கட்டிப்போட்டால் என்றைக்கும் குச்சியை நம்பியே நிற்கும்.

எலுமிச்சை வகையாக இருந்தால் தைரியமாகப் பாதி உயரத்துக்கு வெட்டலாம். அடித்தண்டில் மண்ணையொட்டி ஒரு கட்டை போன்ற வீக்கம் இருக்கும், அதில் தூங்கும் மொட்டுகள் ஏராளம், காட்டுத்தீயில் மேலே எல்லாம் எரிந்தாலும் மறுபடி துளிர்க்க இயற்கை வைத்த ஏற்பாடு. வெட்டியதும் நான்கைந்து தளிர் வரும், நல்ல இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வானவில் வகையை இப்படி வெட்டாதீர்கள், மழைக்காட்டில் தீ ஏது, அதற்கு அந்தக் கட்டை கிடையாது, தரையோடு வெட்டினால் திரும்பித் துளிர்ப்பது சந்தேகம்தான்.

மேற்கு வெயில் படும் மாடியா? அங்கே இலைக்கு நல்லது, தொட்டிக்குக் கெட்டது. கறுப்புத் தொட்டியை மாலை நான்கு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது, அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். முன்னால் இன்னொரு தொட்டியை மறைப்பாக வைத்தாலே போதும். காரிடாரில் வைப்பவர்கள் நடைபாதையில் 1.2 மீட்டர் தடையில்லாமல் விட வேண்டும் என்ற தீயணைப்பு விதியையும் மறக்க வேண்டாம், தடுப்புச்சுவர்மேல் தொட்டி வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்தால் உச்சிகனத்த செடிதான் முதலில் சரியும்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை

புது இலையில் என்றால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. சிமெண்டுத் தொட்டி, புதிதாகப் பூசிய சுவரோரம், முட்டை ஓடு அள்ளிப் போட்ட தொட்டி, இந்த மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கீலேட் இரும்பு (வேர் எளிதில் எடுக்கும் பதத்தில் விற்கும் இரும்புச்சத்து) தற்காலிகமாகக் காப்பாற்றும், இடத்தை மாற்றுவதுதான் தீர்வு. அடியில் உள்ள பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்தால் வயசு, கவலை வேண்டாம். தளிர் செம்பு நிறத்தில் வந்தால் அதுவும் இயல்பு.

தொட்டி மாற்றியதும் படுத்துவிட்டது

யூகலிப்டஸ் வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். ஒரு முழம் உயரமுள்ள கன்றை வாங்கி ஒரேயடியாக நிலையான இடத்தில் வைப்பதுதான் உத்தமம், ஆளுயரச் செடியைப் பெரிய விலை கொடுத்து வாங்காதீர்கள், அதன் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும், நட்ட பிறகும் அப்படியே சுற்றி ஒருநாள் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். கட்டாயம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மண்ணை உதறாதீர்கள், வேர்ப்பந்தின் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி அப்படியே இறக்குங்கள்.

எலுமிச்சைத் தைலச் செடி வைத்தும் கொசு போகவில்லை

போகாது. கொசுவை விரட்டுவது இலையிலிருந்து எடுத்த எண்ணெயைப் பதப்படுத்திச் செறிவாக்கிய மருந்து, சுருக்கமாகப் பிஎம்டி என்பார்கள். செடி சும்மா நிற்கும்போது எண்ணெய் இலைக்குள் சுரப்பிகளில் பூட்டிக் கிடக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டிக் கொடுத்தமாதிரி, தட்டையே எடுத்துவிடுங்கள்.

இலையில் வீட்டிலேயே தைலம் இறக்குவது பற்றியும் கேட்கிறார்கள். ஆவி பிடிக்க இரண்டு இலை போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு இருக்கும் கோடாலித் தைலத்தில் யூகலிப்டஸ் எண்ணெயும் ஒரு பங்கு, அளந்து கலந்தது, அதுவும் தோலில் தடவத்தான். எண்ணெய் வயிற்றுக்குள் போனால் விஷம், குழந்தைகளுக்குச் சில மில்லியே ஆபத்து. பூனை நாய் வளர்ப்பவர்கள் அவை இலையை மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டை உரிகிறது, அல்லது நிறமே வரவில்லை

உரிவது நோய் இல்லை. மரம் பருக்கும்போது பழைய சட்டை கிழிகிறது. வானவில் யூகலிப்டஸ் வைத்திருப்பவர்களின் புகார் இதற்கு நேர்எதிர்: படத்தில் பார்த்த நிறம் எங்கே? சின்ன மரத்தில் வராது, தண்டு பருத்துப் பட்டை பட்டையாக உரியத் தொடங்கினால்தான் வரும். பெரிய மரம் ஒன்று எங்காவது பூங்காவில் கண்ணில் பட்டால் கிட்டே போய்ப் பாருங்கள், குறிப்பாக மழை நின்ற உடனே. புதிதாக உரிந்த நாடா ஒன்றின் கீழே மாவிலைத் தளிர்ப் பச்சை, அதற்குப் பக்கத்தில் சில வாரம் முன்பு உரிந்தது நீலம் கலந்த சாம்பல், அதற்கடுத்தது ஊதா, பிறகு செங்கல் நிறம், கடைசியில் பழுப்பு. பச்சை என்பது பட்டைக்கு அடியிலுள்ள பச்சையம் மெல்லிய தோல் வழியாகத் தெரிவது, நாளாக ஆகத் தோல் தடித்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏற ஏற மற்ற நிறங்கள் வருகின்றன. எல்லாப் பட்டையும் ஒரே நாளில் உரிவதில்லை என்பதால்தான் அத்தனை நிறமும் ஒரே நேரத்தில் நிற்கிறது. கையால் உரித்து நிறத்தை அவசரப்படுத்தும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அந்த இடம் புண்ணாகிக் கறுத்துவிடும், தயவுசெய்து வேண்டாம்.

பட்டையில் சிவப்பாகப் பிசின் வடிந்தால் மட்டும் நின்று பார்க்க வேண்டும். காயத்துக்கு மரமே போடும் கட்டு அது. ஓரிடத்தில் கொஞ்சம் வடிந்து காய்ந்துவிட்டால் சரி. கூடவே சின்னத் துளையும் மரத்தூளும் இருந்தால் தண்டு துளைப்பான், பட்டை விரிந்து உள்வாங்கியிருந்தால் தண்டுப் புண். இரண்டுமே தாகத்தாலோ அழுகலாலோ ஏற்கெனவே தளர்ந்த மரத்தைத்தான் முதலில் பிடிக்கும், மேலே வேர்ப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

விதை முளைக்கவில்லை, முளைத்தது சாய்ந்து சாகிறது

விதை தூசிமாதிரி இருக்கும், புதைத்தால் வராது. மேலே தூவி, அடியிலிருந்து நீர் ஊறவிட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள், நம் புழுக்கத்தில் மூடி வைத்தால் கழுத்தழுகல் ஒரே இரவில் தட்டு முழுவதையும் படுக்க வைத்துவிடும்.

மரம் மேலே போய்க்கொண்டே இருக்கிறது

தரை வீட்டுக்காரர்களுக்கு மட்டும். வானவில் மரம் அதன் காட்டில் 60 மீட்டரைத் தாண்டும், எலுமிச்சை வகையும் சாதாரணமாக 30 மீட்டர் போகும். பெரிய கிளை காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று முறிந்து விழும் பழக்கம் யூகலிப்டஸுக்கு உண்டு. இடம் குறைந்த தரை வீடுகளில் நடவே நடாதீர்கள் என்பேன், ஆசை விடாது என்றால் தொட்டியிலேயே வைத்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக் குட்டையாக்குங்கள், எலுமிச்சை வகைக்கு மட்டும். அடியில் வேறு செடி வராமல் போவதும் உண்டு, உதிர்ந்த இலையின் எண்ணெயும் மேல்வேரின் தாகமும் சேர்ந்து செய்யும் வேலை, இலையைக் கூட்டி எடுத்துவிட்டுத் தொட்டிச் செடிகளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட மரத்தை வெட்ட ஆள் கூப்பிடுவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள். உங்கள் வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருந்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால், சொந்த நிலத்து மரமானாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. வட்டாரம் எது என்று தெரியாவிட்டால் அவர்களிடமே முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள், அப்படியே சான்றிதழ் பெற்ற மர வல்லுநர் ஒருவரை அழைத்துக் கிளையை மட்டும் குறைத்தால் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள்.